பக்கவாதம் சரியாயிடுச்சு, தறி மட்டும் ஓடலை

பக்கவாதம் என்ற சொல்லைக் கொஞ்சம் பிரித்துப் பாருங்க. பக்கம், வாதம். உடம்பின் ஒரு பக்கம் செயல் இழந்து போவது. பேச்சுவழக்கில் இன்னும் நேரடியாகவே சொல்வோம்: "கை கால் இழுத்துக்கிச்சு", "வாய் கோணிடுச்சு". எல்லாமே கண்ணுக்குத் தெரிகிற விஷயங்கள். அதனால் கை கால் திரும்ப வந்துட்டா, வாய் நேராயிட்டா, ஊர் தீர்ப்பு எழுதிடும்: "சரியாயிடுச்சு."

இந்தக் குறிப்பு அந்தத் தீர்ப்பைப் பற்றியது. ஸ்ட்ரோக் வந்து பிழைத்தவர்களில் பலருக்கு, கை கால் தேறிய பிறகும், மாதக்கணக்கில், சில பேருக்கு வருஷக்கணக்கில், ஒரு அசதி நிற்கிறது. தூங்கி எழுந்தாலும் போகாத அசதி. இதைப் பற்றிய ஆய்வுக் கட்டுரைகளைச் சில மாதங்களாகப் படித்துக்கொண்டிருக்கிறேன். நான் டாக்டர் இல்லை. சாஃப்ட்வேர் எழுதுகிறவன். ஆனா ஒரு விஷயம் வேலை செய்யுதா இல்லையான்னு எப்படி அளக்கிறது என்பது என் தொழிலில் தினமும் வரும் கேள்வி. அந்தக் கோணத்திலிருந்து எனக்கு ஒரே ஒரு விமர்சனம்தான்.

ஒருவர் தேறிவிட்டாரா என்று பார்க்க நாம் வைத்திருக்கும் அளவுகோல்கள், ஒரு வேலையை ஒரு தடவை செய்ய முடியுமா என்று கேட்கின்றன. அதையே நாள் முழுக்க, மறுநாளும், அதற்கு மறுநாளும் செய்ய முடியுமா என்று கேட்பதில்லை. பட்டு நெசவை நம்பி இருக்கும் காஞ்சிபுரம் மாதிரி ஊரில் அந்த இரண்டாவது கேள்விக்கான பதிலில்தான் ஒரு குடும்பத்தின் சாப்பாடு இருக்கு.

இது என்ன அசதி?

எல்லாருக்கும் வர்ற களைப்பு இல்லையா இது, வயசானா வராதா என்று கேட்கலாம். நியாயமான கேள்வி. ஆராய்ச்சியாளர்கள் இதைப் பிரித்துக் காட்ட ஒரு வரையறை வைத்திருக்கிறார்கள். எடின்பரோவைச் சேர்ந்த குழு ஒன்று 2007-ல் முன்வைத்தது. சுருக்கமாக: கடந்த ஒரு மாதத்தில், குறைந்தது இரண்டு வாரம், தினமுமோ கிட்டத்தட்ட தினமுமோ அசதி, தெம்பின்மை அல்லது படுத்து ஓய்வெடுக்க வேண்டிய தேவை இருக்கணும். அதனால் அன்றாட வேலைகளில் கலந்துகொள்வது சிரமமாகியிருக்கணும்.

எத்தனை பேருக்கு இது இருக்கு? கனடாவில் 1999-ல் வந்த ஒரு ஆய்வில், ஸ்ட்ரோக் வந்து 3 முதல் 13 மாதம் ஆனவர்களில் 68 சதவீதம் பேர் அசதி ஒரு பிரச்சினை என்றார்கள். ஸ்ட்ரோக் வராத ஒப்பீட்டுக் குழுவில் 36 சதவீதம். அதாவது வயசானா வர்ற அசதியும் உண்மைதான், ஆனா இது அதற்கு மேலே ஒரு அடுக்கு. அதே ஆய்வில் 40 சதவீதம் பேர், தங்களுக்கு இருக்கும் பிரச்சினைகளிலேயே மோசமானது, அல்லது மோசமானவற்றில் ஒன்று, இந்த அசதிதான் என்றார்கள். கை வரவில்லை, நடை சரியில்லை என்பதோடெல்லாம் வைத்துப் பார்த்துச் சொன்ன பதில் இது.

2016-ல் பல நாட்டு ஆய்வுகளைச் சேர்த்துக் கணக்கிட்டபோது சராசரி ஏறக்குறைய 50 சதவீதம் வந்தது. தனித்தனி ஆய்வுகளின் எண்கள் 25-லிருந்து 85 வரை சிதறிக் கிடந்தன. ஸ்வீடனின் தேசிய ஸ்ட்ரோக் பதிவேட்டை வைத்து 2002-ல் வெளியான ஆய்வில், ஸ்ட்ரோக் வந்து இரண்டு வருஷம் கழித்தும் சுமார் 10 சதவீதம் பேர் எப்போதும் அசதியாக இருப்பதாகவும், மேலும் சுமார் 29 சதவீதம் பேர் அடிக்கடி அசதியாக இருப்பதாகவும் சொன்னார்கள். ஆக, இது முதல் மூணு மாசத்தோடு முடியும் விஷயம் இல்லை.

இன்னொன்று முக்கியம். ஸ்ட்ரோக் எவ்வளவு பெரியது என்பதற்கும் அசதி எவ்வளவு என்பதற்கும் நேரடியான கணக்கு இல்லை. லேசான ஸ்ட்ரோக் வந்து, கை கால் முழுசாகத் திரும்பியவர்களுக்கும் கடுமையான அசதி இருக்கலாம். "உனக்கு வந்தது மைல்டுதானே" என்ற ஆறுதல் இங்கே பொருந்தாது.

அளவுகோல்களைத் திறந்து பார்த்தால்

ஸ்ட்ரோக் உலகில் அதிகம் புழங்கும் அளவுகோல், ராங்கின் அளவுகோல். ஜான் ராங்கின் என்ற மருத்துவர் 1957-ல் கிளாஸ்கோவில் உருவாக்கியது. பிறகு திருத்தப்பட்டு இன்று 0 முதல் 6 வரை போகிறது. 0 என்றால் எந்த அறிகுறியும் இல்லை. 6 என்றால் மரணம். நடுவில் நமக்கு முக்கியமானவை இரண்டு. 1 என்றால் அறிகுறிகள் இருந்தாலும் வழக்கமான வேலைகள் எல்லாவற்றையும் செய்ய முடிகிறது. 2 என்றால் முன்பு செய்த எல்லாவற்றையும் செய்ய முடியவில்லை, ஆனால் சொந்தக் காரியங்களை உதவி இல்லாமல் பார்த்துக்கொள்ள முடிகிறது.

கவனிச்சுப் பாருங்க. அளவுகோலுக்கு நம்ம ஆள் தெரிகிறார். தறியில் உட்கார முடியாமல் போன நெசவாளரை அது 2 என்று பதிவு செய்யும். பிரச்சினை அடுத்த படியில் வருது. பல ஆய்வுகளில் 0, 1, 2 மூன்றையும் ஒரே கூடையில் போட்டு "நல்ல முடிவு" என்றும், 3-லிருந்து மேலே "மோசமான முடிவு" என்றும் இரண்டாக வெட்டிவிடுகிறார்கள். புரோகிராம் எழுதுறவங்களுக்குப் புரியும்படி சொன்னா, ஏழு மதிப்பு வைத்திருந்த ஒரு எண்ணை, ஆமாம் / இல்லை என்ற பூலியனாக மாற்றிவிட்டோம். அந்த இடத்தில்தான் நெசவாளர் காணாமல் போகிறார். பழைய வேலையை இழந்தவரும், ஒரு குறையும் இல்லாதவரும் ஒரே "நல்ல முடிவு".

அடுத்தது பார்த்தெல் அளவுகோல். 1965-ல் அமெரிக்காவின் மேரிலேண்டில் உருவானது. சாப்பிடுவது, குளிப்பது, உடை மாற்றுவது, கழிப்பறை போவது, படி ஏறுவது என்று பத்து விஷயம், மொத்தம் 100 மதிப்பெண். 100 வாங்கிட்டா எல்லாம் சரி என்று நினைக்கத் தோணும். ஆனா அதை உருவாக்கிய மஹோனியும் பார்த்தெலும் தங்கள் மூலக் கட்டுரையிலேயே, 100 வாங்கியவர் தனியாக வாழ முடியும் என்று அர்த்தமில்லை, சமைக்கவோ வீட்டைப் பார்த்துக்கொள்ளவோ அவரால் முடியாமல் இருக்கலாம் என்று எழுதி வைத்திருக்கிறார்கள். கருவியைச் செய்தவர்கள் போட்ட எச்சரிக்கைப் பலகையை, கருவியைப் பயன்படுத்தும் நாம் கழற்றிவிட்டோம்.

என் தொழிலில் யூனிட் டெஸ்ட், லோட் டெஸ்ட் என்று இரண்டு உண்டு. யூனிட் டெஸ்ட் என்றால் ஒவ்வொரு பாகமும் ஒருமுறை சரியாக வேலை செய்யுதா என்று பார்ப்பது. லோட் டெஸ்ட் என்றால் மணிக்கணக்கில் தொடர்ந்து வேலை கொடுத்து எங்கே படுக்குது என்று பார்ப்பது. முதலாவதில் எல்லாம் பச்சை, இரண்டாவதில் பத்து நிமிஷத்தில் படுத்துவிடும் சிஸ்டங்களை வாரா வாரம் பார்க்கலாம். பார்த்தெல் அளவுகோல் ஒரு நல்ல யூனிட் டெஸ்ட். அதில் குறை சொல்ல எதுவும் இல்லை. லோட் டெஸ்ட்டை யாரும் ஓட்டவில்லை என்பதுதான் குறை.

குழித்தறி என்கிற லோட் டெஸ்ட்

காஞ்சிபுரத்தில் அந்த லோட் டெஸ்ட் வீட்டுக்குள்ளேயே இருக்கு.

குழித்தறியில் நெசவாளர் குழியின் விளிம்பில் உட்கார்ந்து, கால்களைக் குழிக்குள் தொங்கவிட்டு மிதிகளை மாற்றி மாற்றி மிதிக்கணும். நாடாவை இந்தப் பக்கம் அந்தப் பக்கம் ஓட்டணும். பலகையை இழுத்து ஊடையை நெருக்கணும். ஜக்கார்டு வைத்த தறியில் மிதிக்கும் பாரம் இன்னும் கூடும். இது ஆயிரக்கணக்கான முறை திரும்பத் திரும்ப நடக்கணும், ஒவ்வொரு முறையும் ஒரே அழுத்தத்தில். அழுத்தம் மாறினால் துணியில் தெரிந்துவிடும். ஒரு சேலைக்கு வேலைப்பாட்டைப் பொறுத்து இரண்டு வாரம் வரையோ அதற்கு மேலோ ஆகும்.

கோர்வைச் சேலை என்றால் இன்னும் ஒரு படி மேலே. உடலும் கரையும் வேறு வேறு நிறம், வேறு வேறு ஊடை. மூன்று நாடா ஓடும், ஒவ்வொரு ஊடையிலும் உடலும் கரையும் ஒன்றோடொன்று பின்னிக்கொள்ளணும். அதற்கு நெசவாளர் பக்கத்தில் இன்னொருவர் உட்கார்ந்து கரை நாடாவை எடுத்துக் கொடுக்கணும். பெரும்பாலும் வீட்டு ஆள்தான். ஆகவே இது உடம்பு வேலை மட்டும் கிடையாது. எண்ணிக்கை, கவனம், இன்னொருவரின் தாளத்தோடு இணைவது எல்லாம் சேர்ந்தது. ஸ்ட்ரோக்குக்குப் பிந்தைய அசதி உடம்பை மட்டுமல்ல, கவனத்தையும் சீக்கிரம் காலி செய்கிறது என்று நோயாளிகள் சொல்வதை இதோடு சேர்த்து யோசிக்கணும்.

பிள்ளையார்பாளையத்தில் என் பெரியப்பா அப்படி ஒரு கோர்வைத் தறியில் வேலை பார்த்தவர். ஸ்ட்ரோக் வந்து இடது பக்கம் பலவீனமானது. பிசியோதெரபி, மாத்திரை எல்லாம் ஒழுங்காக நடந்தது. சில மாதத்தில் நடை வந்துவிட்டது, கை வந்துவிட்டது. மறுபரிசோதனைக்குப் போன இடத்தில் நடக்கச் சொன்னாங்க, கையைத் தூக்கச் சொன்னாங்க, விரலை மடக்கச் சொன்னாங்க. எல்லாம் செய்தார். "நல்லா இருக்கீங்க, வேலைக்குப் போகலாம்" என்று அனுப்பிட்டாங்க. தறியில் உட்கார்ந்தால் முக்கால் மணி நேரம். அதுக்கப்புறம் எழுந்து வந்து திண்ணையில் படுத்துடுவார். சாயங்காலம் வரை எழ முடியாது.

பெரியம்மா கேட்ட கேள்வி எனக்கு இன்னும் முக்கியமான ஆய்வுக் கேள்வியாகத் தோணுது: "ஏகாம்பரநாதர் கோயில் வரைக்கும் நடந்து போயிட்டு வர முடியுது உங்களுக்கு, இங்க உக்காந்து நெய்ய முடியலையா?"

கோபத்தில் கேட்டதாகத் தெரியலாம். ஆனா அவர் பக்கத்தையும் பாருங்க. கரை நாடா எடுத்துக் கொடுப்பவர் அவர்தான். பெரியப்பா எழுந்தால் அவர் வேலையும் நின்னுடும். கூலி சேலைக் கணக்கு, மணிக் கணக்கு இல்லை. பாவு கொடுத்தவருக்குச் சேலை போகணும், முன்பணம் வாங்கியிருந்தால் அதுவும் கழியணும். ஒருத்தர் அசதியில் இரண்டு பேர் வருமானம் நிற்கிறது. நடக்க முடிகிறவர் நெய்ய முடியாது என்றால் வீட்டில் இருப்பவர்களுக்கு அதற்கு ஒரே ஒரு விளக்கம்தான் தெரியும்: சோம்பல். இல்லாட்டி மனசு விட்டுட்டார். மூன்றாவது விளக்கம் ஒன்று இருக்கிறது என்று அவர்களிடம் யாரும் சொல்லவே இல்லை.

கோயிலுக்கு நடப்பது அவரவர் வேகத்தில் போவது. வழியில் நிற்கலாம், பேசலாம், மண்டபத்தில் உட்காரலாம். தறி நிற்க விடாது. இரண்டும் ஒரே "முடியுது" கிடையாது.

மூளைக்குள் என்ன நடக்குது?

முழு விடை இன்னும் வரவில்லை. ஆனா சுவாரஸ்யமான ஒரு தடம் இருக்கு. லண்டன் யுனிவர்சிட்டி காலேஜில் அன்னபூர்ணா குப்புசாமியும் அவர் சகாக்களும் 2015-ல் 'பிரெயின்' இதழில் வெளியிட்ட ஆய்வு. உடல் குறைபாடு மிகக் குறைவாக இருந்த, மனச்சோர்வு நோய் இல்லாத ஸ்ட்ரோக் நோயாளிகளை எடுத்துக்கொண்டார்கள். தலைக்கு வெளியே காந்தத் துடிப்பு கொடுத்து, மூளையின் இயக்கப் பகுதியைத் தூண்ட எவ்வளவு வலுவான துடிப்பு தேவைப்படுகிறது என்று அளந்தார்கள். அசதி அதிகம் என்று சொன்னவர்களுக்கு அதிக வலு தேவைப்பட்டது. அதாவது வெளியே இருந்து பார்த்தால் கை நன்றாக வேலை செய்கிறது, ஆனால் அதைக் கிளப்பும் இடம் எளிதில் கிளம்புவதில்லை.

பிறகு அவர் முன்வைத்த கருதுகோளை நான் புரிந்துகொண்டது இப்படி. நாமே கையை அசைக்கும்போது, அதனால் வரப்போகும் உணர்ச்சிகளை மூளை முன்கூட்டியே கணித்து, அவற்றை அடக்கி வைக்கிறது. அதனால்தான் சாதாரணமாகக் கை தூக்குவது நமக்கு ஒரு வேலையாகவே தெரிவதில்லை. இந்த அடக்கும் ஏற்பாடு பழுதானால், சின்ன அசைவும் பெரிய முயற்சியாக உணரப்படும். இது இன்னும் நிரூபிக்கப்பட்ட முடிவு கிடையாது. தொடர்பு இருப்பது வேறு, காரணம் என்று காட்டுவது வேறு. இருந்தாலும் திண்ணையில் படுத்திருப்பவரைச் சோம்பேறி என்று சொல்வதற்கு முன்னால் யோசிக்க இது போதும்.

இந்தியாவின் பெரிய ஆய்வு சொன்னதும், அதன் எண்ணில் அடங்காததும்

இந்தியாவில் ஸ்ட்ரோக்குக்குப் பிந்தைய பராமரிப்பு பற்றி நடந்த பெரிய ஆய்வு 'அட்டெண்ட்'. 14 மருத்துவமனைகள், 1250 நோயாளிகள், 2017-ல் 'லான்செட்' இதழில் வெளியானது. நம்ம நாட்டில் பிசியோதெரபிஸ்ட் குறைவு, குடும்பம் கூடவே இருக்கு. அப்படியானால் குடும்பத்தில் ஒருவருக்கே பயிற்சி கொடுத்து வீட்டில் மறுவாழ்வுப் பயிற்சி செய்ய வைத்தால் பலன் இருக்குமா? நல்ல கேள்வி, நம் சூழலில் பிறந்த கேள்வி. ஆறு மாதம் கழித்துப் பார்த்தபோது, பயிற்சி கொடுத்த குழுவில் இறந்தவர்கள் அல்லது பிறரைச் சார்ந்திருப்பவர்கள் 47 சதவீதம். கொடுக்காத குழுவிலும் 47 சதவீதம். பலன் இல்லை என்று முடிவானது.

ஒரு எதிர்மறை முடிவை மறைக்காமல் வெளியிட்டதற்கு அந்தக் குழுவைப் பாராட்டணும். என் கேள்வி மீதி 53 சதவீதத்தைப் பற்றியது. அவர்கள் ராங்கின் அளவுகோலில் 0 முதல் 2. "சாராதவர்கள்". அந்த 53-க்குள் எத்தனை பேர் பழைய தொழிலுக்குத் திரும்பினார்கள், எத்தனை பேர் திண்ணையில் படுத்தார்கள் என்பது அந்த முதன்மை எண்ணுக்குள் இல்லை. இரண்டாம் நிலை அளவீடுகள் இருக்கும் என்பது தெரியும். ஆனா கொள்கை எழுதுகிறவர்களும் செய்தி எழுதுகிறவர்களும் எடுத்துக்கொள்வது முதன்மை எண்ணைத்தான். பல ஆய்வுகள் பயன்படுத்தும் ஈக்யூ-5டி என்ற வாழ்க்கைத்தர வினாப்பட்டியலை எடுத்தாலும், நடமாட்டம், சுயபராமரிப்பு, வழக்கமான வேலைகள், வலி, பதற்றம் அல்லது மனச்சோர்வு என்று ஐந்து தலைப்பு இருக்கு. அசதிக்குத் தனித் தலைப்பு இல்லை.

தமிழில் எப்படிக் கேட்பது?

சரி, அசதிக்கென்றே அளவுகோல் இல்லையா? இருக்கு. அதிகம் பயன்படுவது 1989-ல் லாரன் கிரப் குழு உருவாக்கியது. ஒன்பது வாக்கியம், ஒவ்வொன்றுக்கும் 1 முதல் 7 வரை எவ்வளவு ஒத்துக்கொள்கிறீர்கள் என்று சொல்லணும். சராசரி 4-ஐத் தொட்டால் அசதி இருப்பதாகப் பல ஆய்வுகள் எடுத்துக்கொள்கின்றன. ஆனா அது முதலில் ஸ்ட்ரோக்குக்காகச் செய்யப்பட்டதே இல்லை. மல்டிபிள் ஸ்க்ளிரோசிஸ், லூபஸ் நோயாளிகளுக்காக உருவானது. உடற்பயிற்சி செய்தால் அசதி வருகிறதா என்று அதில் ஒரு வாக்கியம் வரும். வாழ்நாளில் "உடற்பயிற்சி" என்று ஒன்றைத் தனியாகச் செய்தே இராத, ஆனால் தினமும் பத்து மணி நேரம் மிதி மிதித்த ஒருவர் அதற்கு என்ன பதில் சொல்வார்?

மொழிபெயர்ப்பில் இன்னொரு வலை இருக்கு. ஆங்கிலச் சொல்லுக்குத் தமிழ் மருத்துவக் கட்டுரைகளில் சாதாரணமாகப் போடுவது "சோர்வு". அதே கட்டுரைகளில் டிப்ரெஷனுக்குப் போடுவது "மனச்சோர்வு". இரண்டுக்கும் ஒரே அடிச்சொல். ஆராய்ச்சியாளர்கள் பல வருஷமாகச் சிரமப்பட்டுப் பிரித்துக் காட்டுவதை நம் கலைச்சொல் ஒரே பெட்டியில் போட்டுவிடுகிறது. இரண்டும் சேர்ந்து வருவது உண்டு, மறுக்கவில்லை. ஆனா மனச்சோர்வு இல்லாதவர்களுக்கும் இந்த அசதி வருது. கொரியாவில் 2007-ல் வெளியான ஆய்வில், மனச்சோர்வுக்குக் கொடுக்கும் ஃபுளூஆக்ஸெட்டின் மாத்திரையை மூன்று மாதம் கொடுத்துப் பார்த்தும் அசதி குறையவில்லை. இரண்டும் ஒன்றே என்றால் இப்படி நடந்திருக்கக் கூடாது.

நம் பேச்சுமொழியில் இதைவிட நுணுக்கமான சொற்கள் இருக்கின்றன. களைப்பு என்றால் வேலை செய்ததால் வந்தது, உட்கார்ந்தால் போகும். அலுப்பு என்றால் பயணம், வேலை முடிந்து படுக்கத் தோன்றுவது. அசதி என்றால் உடம்பே பாரமாவது. எல்லாவற்றுக்கும் எதிர்ப்பக்கம் ஒரு சொல் இருக்கு: தெம்பு. "தெம்பே இல்லப்பா" என்று ஒரு பெரியவர் சொன்னால், அவர் 1 முதல் 7-ல் எங்கே நிற்கிறார் என்று எனக்குத் தெரியாது, ஆனா என்ன சொல்கிறார் என்று தெரியும்.

2016-ன் தொகுப்பு ஆய்வில் ஆசிய நாட்டு ஆய்வுகளில் அசதியின் அளவு மற்ற இடங்களைவிடக் குறைவாக வந்தது. நமக்கு உண்மையிலேயே அசதி குறைவா, அல்லது நம்மிடம் கேட்ட கேள்வி நம் வாழ்க்கையைத் தொடவில்லையா? இரண்டாவதையும் பரிசோதிக்காமல் முதலாவதை நம்ப எனக்கு மனசு வரவில்லை.

மருந்தும் அறிவுரையும்

மருந்து பற்றி நேர்மையாகச் சொல்லணும். 2015-ல் வந்த காக்ரேன் தொகுப்பு 12 ஆய்வுகளை, மொத்தம் 703 பேரை, அலசிவிட்டு, எந்தச் சிகிச்சையையும் பரிந்துரைக்கப் போதிய ஆதாரம் இல்லை என்றது. மொடாஃபினில் என்ற மருந்தை ஆஸ்திரேலியாவில் 36 பேரிடம் சோதித்து 2017-ல் பலன் கண்டார்கள். அதற்கு இரண்டு வருஷம் முன்பு டென்மார்க்கில் 41 பேரிடம் சோதித்தபோது முதன்மை அளவீட்டில் பலன் தெரியவில்லை. நெதர்லாந்தில் 2012-ல் 83 பேரிடம், மனப்பயிற்சியோடு படிப்படியாகக் கூட்டும் உடற்பயிற்சியையும் 12 வாரம் சேர்த்துக் கொடுத்ததில், மனப்பயிற்சி மட்டும் கொடுத்ததைவிட நல்ல பலன் தெரிந்தது. எல்லாமே சின்ன ஆய்வுகள். பாதிக்குப் பாதி பேருக்கு இருக்கும் ஒரு தொல்லைக்கு இவ்வளவுதான் கையிருப்பு.

மருந்து இல்லாத இடத்தில் அறிவுரை வருது: வேலையைப் பிரித்துச் செய்யுங்கள், நடுநடுவே ஓய்வெடுங்கள், தெம்பு இருக்கும் நேரத்தில் கஷ்டமான வேலையை வையுங்கள். நல்ல அறிவுரைதான். ஆனா இது யாரை மனசில் வைத்து எழுதியது? மாதச் சம்பளம், மருத்துவ விடுப்பு, வேலை நேரத்தைக் குறைத்துத் தரும் மேலாளர் எல்லாம் இருப்பவரை. என்னைப் போன்ற ஐ.டி. ஆள் அதைப் பின்பற்றலாம். சேலைக் கூலிக்காரருக்கு ஓய்வு என்பது கூலி வெட்டு. அறிவுரை நோயாளியிடம் மட்டும் சொல்லப்பட்டால் அது பாதி அறிவுரை. மீதிப் பாதியைப் பாவு கொடுப்பவரிடமும், கூட்டுறவு சங்கத்திடமும், பக்கத்தில் உட்காரும் மனைவியிடமும் சொல்லணும்.

சட்டமும் இங்கே கைகொடுப்பது கஷ்டம். 2016-ன் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் 21 வகைகளைப் பட்டியலிடுகிறது. நாள்பட்ட நரம்பியல் நோய்கள் என்ற தலைப்பில் மல்டிபிள் ஸ்க்ளிரோசிஸும் பார்க்கின்சனும் பெயரோடு இருக்கின்றன. ஸ்ட்ரோக் பெயரோடு இல்லை. ஸ்ட்ரோக் வந்தவர் பெரும்பாலும் கை கால் இயக்கக் குறைபாடு என்ற வழியாகத்தான் உள்ளே போகணும், முக்கியச் சலுகைகளுக்கு 40 சதவீதம் தேவை. கை கால் நன்றாகத் தேறியவருக்கு அந்தக் கதவு மூடிக்கொள்ளும். தேறியதே அவருக்கு எதிரான சாட்சி.

மறுபக்கம்

ராங்கின் அளவுகோலை ஆதரிப்பவர்கள் சொல்வதில் நியாயம் உண்டு. சில நிமிஷத்தில் முடியும், எந்த நாட்டிலும் ஒப்பிடலாம், மரணத்தையும் சேர்த்து ஒரே கோட்டில் வைக்கும். ரத்தக் கட்டியைக் கரைக்கும் ஊசியை நாலரை மணி நேரத்துக்குள் போட்டால் பலன் உண்டு என்பதை உலகம் ஏற்றுக்கொண்டதில் இந்த அளவுகோலுக்குப் பங்கு இருக்கு. அசதி அவரவர் சொல்வதை நம்பி அளக்க வேண்டிய விஷயம், கொஞ்சம் ஏறும் இறங்கும். இதெல்லாம் சரி.

ஆனா வலியும் அவரவர் சொல்வதுதானே? அதைக் கேட்காமல் விடுவதில்லை. அதுவும் போக, ஸ்காட்லாந்தில் நோயாளிகள், பராமரிப்பவர்கள், மருத்துவர்கள் மூன்று தரப்பும் சேர்ந்து ஸ்ட்ரோக்குக்குப் பிந்தைய வாழ்க்கை பற்றிய முதல் பத்து ஆராய்ச்சிக் கேள்விகளைத் தேர்ந்தெடுத்து 2012-ல் வெளியிட்டபோது, அசதியை எப்படிச் சமாளிப்பது என்பது அந்தப் பத்தில் இருந்தது. அனுபவிப்பவர்களைக் கேட்டால் பட்டியலில் வருது. கேட்காவிட்டால் வருவதில்லை.

என்ன செய்யலாம்?

புதுத் திட்டம் எதுவும் தேவையில்லை. 2021 ஆகஸ்டில் தொடங்கிய 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தில் ரத்த அழுத்தத்துக்கும் சர்க்கரைக்கும் மாத்திரை வீட்டுக்கே வருது, தேவைப்படுவோருக்கு பிசியோதெரபியும் வீட்டில் கிடைக்குது. அந்த வாசலில் மூன்று கேள்வி கூடுதலாகக் கேட்டால் போதும்:

1. காலையில் இருக்கும் தெம்பு எத்தனை மணி வரைக்கும் நிக்குது?
2. முன்பு ஒரு மூச்சில் செய்த எந்த வேலையை இப்போ நடுவில் நிறுத்த வேண்டியிருக்கு?
3. படுத்து எழுந்தா அசதி போகுதா, அப்படியே இருக்கா?

பதில் சரியில்லை என்றால் அடுத்த படி டாக்டர். ரத்தசோகை, தைராய்டு, பி12 குறைவு, சோடியம் குறைவு, தூக்கத்தில் மூச்சு தடைபடுவது, மனச்சோர்வு, சில ரத்த அழுத்த மாத்திரைகள் எல்லாமே அசதியைக் கூட்டக்கூடியவை. இவற்றில் பலவற்றைச் சாதாரண ரத்தப் பரிசோதனையில் பிடிக்கலாம், சரி செய்யலாம். ஒரு எச்சரிக்கை: அசதிக்கு மாத்திரைதான் காரணம் என்று நீங்களாக நிறுத்திடாதீங்க. அடுத்த ஸ்ட்ரோக்கைத் தடுப்பது அந்த மாத்திரைதான். அதேபோல திடீரென்று ஒரு பக்கம் மரத்துப் போனாலோ, பேச்சு குழறினாலோ அது அசதி இல்லை. உடனே 108.

பரிசோதனையில் எதுவும் வராவிட்டாலும் ஒரு வேலை மிச்சம் இருக்கு. குடும்பத்தை உட்கார வைத்து, இது சோம்பல் இல்லை, மூளை காயப்பட்டதன் தொடர்ச்சி, உலகம் முழுக்க ஸ்ட்ரோக் வந்தவர்களில் ஏறக்குறைய பாதிப் பேருக்கு இருக்கு என்று ஒரு வெள்ளைக் கோட்டு போட்டவர் சொல்லணும். நான் கட்டுரைகளைப் படித்துவிட்டுச் சொன்னபோது பெரியம்மா முழுசாக நம்பவில்லை. "டாக்டர் இதைச் சொல்லலையே" என்றார். அவர் சொன்னது சரிதான். டாக்டரிடம் இருந்த படிவத்தில் அந்தக் கேள்வி இல்லை.